மருந்தும் சொல்லும்

மருந்து என்பது யாது? குப்பியில் அடைத்த நீரும் உறையில் இட்ட குளிசையுமே மருந்து என்று கருதுவோர் பலர். அவற்றோடு ஒரு சொல்லும் சேரும்போதுதான் அவை மருந்தாகின்றன என்பது எனது துணிபு. எவ்வளவு, எப்போது, எத்தனை நாட்கள், எதனோடு சேர்த்து, எதனை விலக்கி என்பவற்றை அறியாதான் கையிலுள்ள குளிசை வெறும் இரசாயனப் பொருளே. சில வேளைகளில் நஞ்சுமாகும். மெதோட்ரெக்சேற் என்றொரு மருந்து உண்டு. மூட்டுவாதத்தால் வருந்துவோர்க்கு அதனை வாரத்தில் ஒரு நாள் மாத்திரமே கொடுப்பர். ஏனைய குளிசைகளைப் போல இதனையும் நாள்தோறும் உண்ண வேண்டும் என்று எண்ணி விழுங்கி உயிர்நீத்தோர் பல நாடுகளிலும் உளர். அவர்களுக்கு மருந்து கிடைத்தது. ‘வாரம்’ என்ற சொல் போய்ச் சேரவில்லை.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, நோய் தீர்ப்பவன், மருந்து என்ற மூன்றோடு அவர் நின்றுவிடவில்லை. அம்மருந்தைப் பக்கத்திருந்து பிழையாமற் கொடுப்பவனையும் ஒரு கூறாக எண்ணினார். இன்றைய உலகில் அந்த நான்காமவன் செய்ய வேண்டிய பணியிற் பெரும்பகுதி மருந்துக் கடையின் மேசைக்கு அப்பால் நிற்கும் மருந்தாளரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மருத்துவரைக் கண்டு திரும்பும் நோயாளி, வீடு செல்லுமுன் கடைசியாகக் காணும் அறிவுடையவர் அவரே.

அவர் நோயாளியிடம் என்ன சொல்ல வேண்டும்? எந்த மொழியிற் சொல்ல வேண்டும்? சொல்லாது விட்டாற் குற்றமா? இவற்றைச் சட்டத்தால் வரையறுக்க இயலுமா? இவ்வினாக்களுக்கு ஐக்கிய அமெரிக்கா பல்லாண்டு காலமாக விடை தேடி வந்திருக்கிறது. அங்கு மருந்தாளரின் பேச்சு முதலில் விலக்கப்பட்டிருந்தது, பின்னர் அனுமதிக்கப்பட்டது, அதன்பின் கட்டளையாயிற்று, ஈற்றில் எந்த மொழியில் என்ற வினாவும் எழுந்தது. சட்டத்தைப் பற்றிய இச்செய்தி இலக்கியப் பக்கத்துக்கு எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஒரு சொல் எப்போது பொருள் தருகிறது, எப்போது பொருள் தராது போகிறது என்பதே மொழி கற்போரும் கற்பிப்போரும் ஆராயும் பொருள். அச்சொல்லை நம்பி ஓர் உயிர் நிற்குமிடத்தில், ஆராய்ச்சியைச் சட்டத்தரணிகளிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் தகாது.

விலக்கப்பட்ட பேச்சு

அமெரிக்க மருந்தாளர் சங்கம் 1952ஆம் ஆண்டில் வகுத்த ஒழுக்கக் கோவையில் ஒரு விதி இருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தின் குணத்தைப் பற்றியோ, அதில் அடங்கியுள்ள பொருள்களைப் பற்றியோ மருந்தாளர் நோயாளியோடு உரையாடலாகாது. நோயாளி தானே வினவினாலும், அதனை மருத்துவரிடம் கேட்டறியும்படி சொல்லி அனுப்பிவிட வேண்டும். குப்பியின்மேல் மருந்தின் பெயரைக்கூட எழுதாமல், ஓர் இலக்கத்தையும் உண்ணும் முறையையும் மாத்திரம் எழுதிக் கொடுப்பதே அந்நாளிற் பெருவழக்காக இருந்தது. பல ஆண்டுகள் கற்றுத் தேர்ந்த ஒருவர், தாம் நன்கறிந்த ஒன்றைப் பற்றி வாய் திறவாதிருப்பதே ஒழுக்கம் எனப்பட்டது.

இவ்விதியை வகுத்தோரைக் கொடியவர் என்று நான் கூறமாட்டேன். ஒரு நோயைப் பற்றி இருவர் இருவிதமாகப் பேசினால் நோயாளி கலங்குவான். மருத்துவரின்மீது கொண்ட நம்பிக்கை குலையும் என்று அவர்கள் அஞ்சியிருக்கலாம். அந்த அச்சத்தில் நியாயம் ஒரு சிறிது உண்டு. ஆயினும் அதன் அடியில் ஒரு நம்பிக்கை மறைந்து கிடந்தது. நோயாளி அறிய வேண்டியதில்லை, கீழ்ப்படிந்தாற் போதும் என்பதே அது. கீழ்ப்படிவதற்கும் விளங்கிக்கொள்ளல் வேண்டும் என்பதை அவர்கள் மறந்தனர். விளங்காத கட்டளைக்கு ஒருவன் எங்ஙனம் கீழ்ப்படிவான்?

இந்த மௌனத்தை முதலில் உடைத்தவர்களுள் ஒருவர் வேர்ஜீனியா மாநிலத்தின் பெரிவில் என்னும் சிற்றூரைச் சேர்ந்த மருந்தாளர் யூஜின் வைற். பல்பொருட் கடையாகவும் குளிர்பானச் சாலையாகவும் விளங்கிய அக்கால மருந்துக் கடை முறையைக் கைவிட்டு, 1960இல் அவர் தமது கடையை மருத்துவரின் அலுவலகம் போன்ற ஓர் இடமாக மாற்றினார். தம்மிடம் வருவோர் உண்ணும் மருந்துகளையெல்லாம் பதிந்து வைக்கத் தொடங்கினார். இவர் முன்னர் உண்டது எது, எந்த மருந்து இவருக்கு ஒவ்வாது என்று அறிந்த ஒருவரால் வாளாவிருத்தல் இயலாது. அறிவு வந்த இடத்திற் பேச்சும் வந்தது. 1969இல் அச்சங்கம் தனது கோவையைப் புதுக்கியபோது, உரையாடலைத் தடுத்த பழைய விதி நீங்கியது.

மௌனத்தால் யாருக்குப் பயன்?

நோயாளியின் நன்மைக்கென்று கூறப்படும் மௌனங்களுள் எல்லாம் அவனுக்கு நன்மை தருவன அல்ல. இதற்கு விலை பற்றிய வரலாறு சான்றாகும். வேர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. மருத்துவர் எழுதும் மருந்துகளின் விலையை விளம்பரப்படுத்தும் மருந்தாளர் தொழிலொழுக்கம் தவறியவராகக் கருதப்படுவார் என்பது அதன் சாரம். நுகர்வோர் வழக்குத் தொடர்ந்தனர். 1976ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்று தீர்த்தது. அத்தீர்ப்பில் நாம் உற்று நோக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வழக்கைத் தொடுத்தோர் மருந்தாளர் அல்லர், மருந்தை வாங்குவோர். பேச்சுரிமை பேசுவோனுக்கு மாத்திரம் உரியதன்று, கேட்போனுக்கும் உரியது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. செவிக்கும் ஓர் உரிமை உண்டு என்பதே அதன் பொருள்.

ஆயினும் சட்டத்தால் நீங்கிய பூட்டு பின்னர் ஒப்பந்தத்தால் திரும்பி வந்தது. அமெரிக்காவில் மருந்துச் செலவைக் காப்புறுதித் திட்டங்களின் சார்பில் நிருவகிக்கும் கம்பனிகள் உண்டு. காப்புறுதியின் வழி நோயாளி செலுத்தும் பங்கைக் காட்டிலும், காசு கொடுத்து நேரே வாங்கினால் அதே மருந்து மலிவாகக் கிடைக்கும் நிலை சில வேளைகளில் ஏற்படுவதுண்டு. அதனை நோயாளியிடம் சொல்லலாகாது என்று மருந்துக் கடைகளை வாய்கட்டும் வாசகங்கள் சில ஒப்பந்தங்களில் இடம்பெற்றன. 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி கையொப்பமாகிய இரு சட்டங்கள் அவ்வாசகங்களுக்குத் தடை விதித்தன. மருந்தை வாங்கும் ஏழை, அதன் மலிவான வழியை அறியாதிருக்க வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்ட காலம் அதுவரை நீடித்தது என்பதை எண்ணும்போது வியப்பும் வேதனையும் ஒருங்கே எழுகின்றன.

எனினும் ஒன்றை நாம் பகுத்தறிதல் வேண்டும். இச்சட்டங்கள் ‘சொல்லலாம்’ என்றன. ‘சொல்க’ என்று பணிக்கவில்லை. வாய்க்கட்டை அவிழ்ப்பது ஒன்று. பேச வைப்பது வேறொன்று. இனி அந்த இரண்டாவதைக் காண்போம்.

கட்டளையான பேச்சு

மருந்தாளர் நோயாளியோடு பேச வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு முதன்முதல் விரிவாக விதித்தது 1990ஆம் ஆண்டிலாகும். அவ்விதி ஒரு மருத்துவச் சட்டத்தில் இடம்பெறவில்லை. வரவு செலவுத் திட்டத்தைச் சரிக்கட்டுவதற்காக இயற்றப்பட்ட ஒரு பெருஞ்சட்டத்தின் உள்ளே அடங்கியிருந்தது. வறியோர்க்கான ‘மெடிக்கெய்ட்’ என்னும் மருத்துவ உதவித் திட்டத்தின் கீழ் அரசு மருந்துக்குப் பணம் கொடுக்கிறது. அம்மருந்து பிழையாக உண்ணப்பட்டால் அப்பணமும் வீண், அதனால் விளையும் நோய்க்குக் கொடுக்கும் பணமும் வீண் என்ற கணக்கே அதன் பிறப்பிடம். கணக்குப் புத்தகத்திற் பிறந்தாலும் குழந்தை நல்ல குழந்தையே. 1993ஆம் ஆண்டு தை முதலாந் திகதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களும் தத்தம் விதிகளை இயற்றி, வறியோர்க்கென்று தொடங்கியதை ஏனையோர்க்கும் பொதுவாக்கின.

மருந்தாளர் எவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று அச்சட்டம் வரிசைப்படுத்தியது. மருந்தின் பெயர், அதனை உட்கொள்ளும் வழியும் அளவும் காலமும், விசேட எச்சரிக்கைகள், ஏற்படக்கூடிய கடுமையான பக்கவிளைவுகளும் அவற்றைத் தவிர்க்கும் முறையும், மருந்து வேலை செய்கின்றதா என்று தானே கவனிக்கும் விதம், வைத்துப் பாதுகாக்கும் முறை, மீண்டும் பெறுவது பற்றிய செய்தி, ஒரு வேளை தவறினாற் செய்ய வேண்டியது. இவ்வரிசையைக் கண்டு நான் மகிழ்கிறேன். நோயாளியின் வீட்டில் எழக்கூடிய வினாக்களை ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

ஆனால், சட்டத்தின் பலவீனம் ஒரு சொல்லில் ஒளிந்திருந்தது. மருந்தாளர் பேச வேண்டும் என்று மத்திய சட்டம் கூறவில்லை. பேசுவதற்கு முன்வர வேண்டும் என்றே கூறியது. நோயாளி வேண்டாம் என்றாற் கடமை தீர்ந்தது. விளைவு யாது? நெருக்கடி மிகுந்த கடைகளில், பணம் வாங்கும் பணியாளர் “மருந்தாளரிடம் கேட்க ஏதும் உண்டோ?” என்று ஒரு வினாவை வீசுவார், நோயாளி தலையசைப்பார், ஒரு கையொப்பம் பெறப்படும். கையொப்பம் பத்திரமாக இருக்கும். அறிவு மாத்திரம் கைமாறியிராது.

ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பாடத்தின் முடிவில் “ஐயம் உண்டோ?” என்று கேட்கும்போது வகுப்பில் நிலவும் மௌனத்தை நாம் நன்கறிவோம். அம்மௌனம் விளக்கத்தின் அடையாளமன்று. ஐயம் எழுவதற்கே ஓரளவு அறிவு வேண்டும். அதனை எடுத்துரைக்கத் துணிவும் வேண்டும். நோயால் தளர்ந்து, பின்னால் நிற்கும் வரிசையைக் கண்டு கூசி, அயலார் செவியில் தன் நோய் விழுந்துவிடுமோ என்று அஞ்சி நிற்கும் ஒருவரிடம், ‘கேட்க ஏதும் உண்டோ’ என்று கேட்பது அவருக்கு வழிகாட்டுவதாகாது, அவரை அனுப்பிவிடுவதேயாகும்.

இதற்கு மாற்றும் அமெரிக்காவிலேயே உண்டு. அந்நாட்டுப் பழங்குடி மக்களுக்கு மருத்துவம் செய்யும் அரச சேவையில் மருந்தாளர்கள் மூன்று வினாக்களைக் கையாண்டு வந்தனர். “இம்மருந்து எதற்கென்று மருத்துவர் சொன்னார்? எப்படி உண்ணச் சொன்னார்? உண்டால் என்ன நேரும் என்று சொன்னார்?” என்பன அவை. இங்கு ஆம், இல்லை என்று தலையசைத்துத் தப்ப வழியில்லை. நோயாளி தன் வாயாற் சொல்ல வேண்டும்; சொல்லும்போதே எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பது வெளிப்பட்டுவிடும். நல்லாசிரியர் வகுப்பிற் செய்வதும் இதுவே. கலிபோர்னியா மாநிலமும் இவ்வகையில் ஒருபடி முன்சென்றது. புதிய மருந்தை முதன்முறை பெறும் ஒருவரிடம் மருந்தாளர் நேரிற் பேசவே வேண்டும் என்று அதன் விதி பணிக்கிறது. ‘முன்வருக’ என்பதற்கும் ‘பேசுக’ என்பதற்கும் இடையிலுள்ள தூரம் சட்டப் புத்தகத்தில் ஒரு சொல்லளவே. கடை மேசையில் அது மிகப் பெரிது.

படித்தலும் விளங்குதலும்

“எல்லாம் குப்பியின்மேல் எழுதியிருக்கிறதே, படித்தறியலாகாதா?” என்று கேட்போர் உளர். 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு அவர்களுக்கு விடையாகும். மூன்று மாநிலங்களிலுள்ள மருத்துவ நிலையங்களில் 395 நோயாளிகளிடம் மருந்துக் குப்பிகளின் சீட்டுகளைக் காட்டி ஆராய்ந்தனர். ‘நாளொன்றுக்கு இருமுறை, முறைக்கு இரண்டு குளிசை’ என்ற கருத்துடைய சீட்டை, எழுத்தறிவு குறைந்தோருள் நூற்றுக்கு 71 பேர் பிழையின்றிச் சொன்னார்கள். அப்படியானால் ஒரு நாளைக்குரிய குளிசைகளை எண்ணிக் காட்டுக என்றபோது, அவ்வகையினருள் நூற்றுக்கு 35 பேரே நான்கைச் சரியாக எடுத்துக் காட்டினர்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாய் வாசகத்தை ஒப்புவித்தது; கை அதனை அறியவில்லை. செய்யுளை நெட்டுருப் பண்ணி ஒப்புவித்துவிட்டு, பொருள் கேட்டால் விழிக்கும் மாணவனை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அங்கே போவது புள்ளி; இங்கே போவது உடல்நலம். கலிபோர்னியா 2007இல் இயற்றிய சட்டத்தின் வழியாக மருந்துச் சீட்டுகளுக்கு ஒரு பொது வடிவம் வகுக்க முற்பட்டது இதனாலேயே. எழுத்துப் பெரிதாக இருத்தல் வேண்டும். ‘நாளொன்றுக்கு இருமுறை’ என்று கணக்குப் போடவிடாமல் ‘காலையில் ஒன்று, மாலையில் ஒன்று’ என்பது போல நேரத்தைச் சொல்லும் எளிய வாசகங்களைக் கையாளுதல் வேண்டும் என்பன அதன்பின் வந்த விதிகளின் நோக்கம். உரைநடையின் இலட்சணமாக நாம் வகுப்பிற் கற்பிக்கும் தெளிவும் எளிமையும் அங்கு சட்டத்தின் பகுதியாயின.

எந்த மொழியில்?

இனி மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘வன்ஸ்’ என்பது ஒரு முறை எனப் பொருள்படும். அதே எழுத்துகளால் ஆகிய சொல் ஸ்பானிய மொழியில் பதினொன்று எனப் பொருள்படும். ஸ்பானிய மொழி மாத்திரம் அறிந்த ஒரு தாய், குழந்தையின் மருந்துக் குப்பியில் அவ்வெழுத்துகளைக் கண்டால் என்ன நினைப்பாள்? இது வேடிக்கைக்குக் கூறப்படும் கதையன்று. நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில் மருந்துக் கடைகள் கணினியின் உதவியால் அச்சிட்டு வழங்கிய ஸ்பானியச் சீட்டுகளை ஆராய்ந்து 2010இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பரிசோதித்த சீட்டுகளிற் பாதியளவிற் பிழைகள் காணப்பட்டன. பாதி ஆங்கிலமும் பாதி ஸ்பானியமுமாக அமைந்த வாசகங்களும் அவற்றுள் இருந்தன. மொழிபெயர்ப்பென்ற பெயரே போதும், அது சரியாயிருத்தல் வேண்டியதில்லை என்ற மனப்பான்மையின் விளைவு இது.

நியூயோர்க் மக்கள் இதனைப் பொறுத்திருக்கவில்லை. குடியேறி வந்தோரின் அமைப்புகள் 2007இல் முறையிட்டன. மாநிலச் சட்டமா அதிபர் விசாரித்தார். பெரிய மருந்துக்கடைக் கம்பனிகள் நோயாளியின் மொழியிற் சேவை வழங்க உடன்பட்டன. 2012இல் அது மாநிலம் முழுவதற்குமான சட்டமாயிற்று. 2013 பங்குனி முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டும் அதற்கு மேற்பட்டவுமான கடைகளையுடைய கம்பனிகள், மக்களுட் குறித்த விகிதத்தினர் பேசும் மொழிகளில் வாய்மொழி விளக்கமும் எழுத்து மொழிபெயர்ப்பும் இலவசமாக வழங்கல் வேண்டும். சீனம், இத்தாலியம், ருஷியம், ஸ்பானியம் என்பன அங்ஙனம் தெரிந்தெடுக்கப்பட்டன. கலிபோர்னியாவின் மருந்தாளர் சபை சீனம், கொரியம், ருஷியம், ஸ்பானியம், வியட்நாமியம் ஆகிய ஐந்து மொழிகளிற் பொது வாசகங்களை மொழிபெயர்த்து வெளியிட்டது. வேண்டுவோர்க்கு அவற்றை வழங்கக் கடைகளைக் கடமைப்படுத்தும் சட்டம் 2015இல் இயற்றப்பட்டது.

இதற்கு எழுந்த தடைவாதத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. “நான் படித்தறியாத மொழியில் எழுதிய சீட்டுக்கு நான் எங்ஙனம் பொறுப்பேற்பேன்? பிழை நேர்ந்தாற் குற்றவாளி நானல்லவா?” என்று மருந்தாளர் கேட்கிறார். கேள்வி நியாயமானதே. மொழிபெயர்ப்பை ஒவ்வொரு கடையின் கையிலும் விடாமல், ஒரு பொதுச் சபை ஒருமுறை செய்து, அறிஞர் பலர் பார்த்துத் திருத்தி, யாவருக்கும் வழங்குவதே அதற்கு ஏற்ற விடை. கலிபோர்னியாவில் மொழிபெயர்ப்போடு ஆங்கில வாசகமும் குப்பியில் இருத்தல் வேண்டும் என்று விதித்ததும் நல்ல ஏற்பாடே. நோயாளி தன் மொழியிற் படிப்பான். அவசர வேளையில் மருத்துவர் தம் மொழியிற் படிப்பார்.

இன்னொரு தடைவாதம் நேரத்தைப் பற்றியது. இதனை நான் இலகுவாகத் தள்ளிவிடமாட்டேன். 1990ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சைக் கட்டளையிட்டதேயன்றி, பேசும் நேரத்துக்கென்று மருந்தாளருக்குக் கூலி வகுக்கவில்லை. மருந்து விற்ற எண்ணிக்கைக்கே வருவாய். பேசிய நிமிடங்களுக்கு இல்லை. விரைவை நாடும் முதலாளிக்கும் விளக்கத்தை நாடும் சட்டத்துக்கும் நடுவே நிற்கும் மருந்தாளரை மாத்திரம் குறை கூறுவது அறமாகாது. கடமையை விதிக்கும் சட்டம், அக்கடமையைச் செய்வதற்கான நேரத்தையும் ஆட்களையும் உறுதிசெய்தல் வேண்டும். அன்றேல் அது தாளிலேயே நின்றுவிடும்; கையொப்பங்கள் மாத்திரம் குவியும்.

நமக்குரிய பாடம்

நோயாளியின் மொழியிலேயே மருத்துவம் பேசப்படல் வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. அதனை நமது மண்ணில் நடத்திக் காட்டியவரும் ஓர் அமெரிக்கரே. மசாசுசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலிருந்து மருத்துவப் பணி புரிந்தார். தமிழ் மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழாக்கியும் வெளியிட்டார். ஊர்களிற் பரந்து வாழும் மக்களிடையே பணி செய்ய வேண்டியவர்கள் அம்மக்களின் மொழியில் அறிவு பெற்றிருத்தல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. சத்திரசிகிச்சையையும் இரசாயனத்தையும் அன்று தமிழ் தாங்கிற்று. இன்று ஒரு சிறு மருந்து உறையின்மேல் நான்கு சொற்களைத் தாங்க இயலாதா?

நமது நிலை யாது? உறையின்மேல் ஆங்கிலத்திற் சுருக்கமாகவோ வெறும் இலக்கங்களாகவோ எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை நாம் அன்றாடம் காண்கிறோம். மருத்துவர் சீட்டில் எழுதும் ‘பி.டி.’, ‘ரி.டி.எஸ்.’ என்பன இலத்தீன் சொற்களின் தலையெழுத்துகள். இருவேளை, மூவேளை என்பன அவற்றின் பொருள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் அரசியலமைப்பின் மொழி ஏற்பாடுகள் அரச நிருவாகத்தை நோக்கியவை; தனியார் மருந்துக் கடையில் நீட்டப்படும் உறையை அவை தம்மளவில் எட்டுவதில்லை. மருந்தையும் மருந்துக் கடைகளையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நிறுவியிருக்கிறது. உறையின்மேல் எழுதப்படும் சொல்லையும் மருந்தின் ஒரு பகுதியாகக் கருதி, நோயாளி அறிந்த மொழியில் அதனை எழுதவும் சொல்லவும் தெளிவாக விதிப்பது நாம் கேட்கத்தக்க சீர்திருத்தம்.

சட்டம் வந்தாலும் வேலை முடியாது. நமது மொழியிலும் அந்த ‘வன்ஸ்’ போன்ற பொறிகள் உண்டு. ‘நாளைக்கு இரண்டு’ என்று சுருக்கி எழுதினால், நாளொன்றுக்கு இரண்டா, நாளைய தினம் இரண்டா? ‘ஒரு கரண்டி’ என்றால் 5 மில்லிலீற்றர் கொள்ளும் தேக்கரண்டியா, 15 மில்லிலீற்றர் கொள்ளும் மேசைக்கரண்டியா? குழந்தைக்குப் பாணி மருந்து ஊற்றும் தாய் இரண்டாவதைக் கொண்டால் அளவு மும்மடங்காகிவிடும். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்றால் இலையில் அமரும் அக்கணமா, அரைமணி முன்னரா? ‘வேளைக்கு இரண்டு’ என்பதும் ‘நாளைக்கு இரண்டு’ என்பதும் விரைந்து சொல்லும்போது செவியில் ஒன்றாகவே ஒலிக்கும். இவற்றைச் சட்டத்தரணி தீர்க்க மாட்டார். மருந்தாளர் தனித்துத் தீர்க்கவும் இயலாது. மொழியறிந்தோர் மருந்தாளரோடு உடனமர்ந்து, யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் ஒன்றுபோல விளங்கிக்கொள்ளக்கூடிய நூறு வாசகங்களை ஆக்கித் தருதல் வேண்டும். ஆக்கியபின் அவற்றை எழுத்தறிவு குறைந்தோரிடம் கொண்டுசென்று, படிக்கச் சொல்லாமல், குளிசையை எண்ணிக் காட்டச் சொல்லிச் சோதித்தல் வேண்டும்.

கலைச்சொல்லாக்கம் பற்றி நம் அறிஞர்கள் பெரிய விவாதங்கள் நடத்தியிருக்கிறார்கள். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கலாமா என்ற வினாவுக்கு நம் பாடசாலைகள் செயலால் விடையளித்தன. அவ்விவாதங்களுள் எளிமையான இவ்வேலை மாத்திரம் எவர் கண்ணிலும் படாது கிடக்கிறது. இதில் புகழில்லை, எழுதியவர் பெயரும் எங்கும் அச்சாகாது. ஆனால் பார்வை மங்கிய ஒரு முதியவர் விளக்கொளியில் உறையை உயர்த்திப் பிடித்து, ‘இரவு படுக்குமுன் ஒன்று’ என்று தாமே படித்து, ஒன்றை மாத்திரம் எடுத்து உண்பாராயின், அந்நான்கு சொற்கள் செய்த தொண்டு பெரிது.

நோயாளிக்கு மருந்தைப் பற்றி அறியும் உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொள்வது அமெரிக்காவுக்கே எளிதாக இருக்கவில்லை. 1952இல் விலக்கப்பட்ட பேச்சு 1993இல் கடமையாவதற்கு நாற்பத்தோர் ஆண்டுகள் சென்றன; அது நோயாளியின் மொழியை எட்டுவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன. அவர்களின் வெற்றியையும் தவறுகளையும் ஒருங்கே கண்டுவிட்ட நமக்கு அத்துணைக் காலம் வேண்டியதில்லை. சட்டம் இயற்றுவோர், நோயாளி கையொப்பமிட்டாரா என்று கேட்பதை விடுத்து, அவர் விளங்கிக்கொண்டாரா என்று கேட்கும் சட்டத்தை இயற்றட்டும். மருந்தாளருக்கு நேரம் கிடைக்கட்டும். சொற்களை நாம் ஆக்கித் தருவோம்.